வளவுக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு: விசாவிலிருந்து குடியுரிமை வரை

என் மனைவி ஈப்போவில் பிறந்தவர். எங்கள் கல்யாணம் தேவகோட்டையில், எங்கள் வீட்டு வளவிலேயே நடந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் கணக்கில் எங்களைத் தனிக் குடும்பமாக, அதாவது புள்ளியாகவும் சேர்த்தாயிற்று. ஊர் அவரை எங்கள் வீட்டு ஆச்சியாக ஏற்றுக்கொண்டு மூன்று மாதம் ஆகப் போகிற நேரம், பாஸ்போர்ட்டில் இருந்ததோ சுற்றுலா விசா.

தெரிந்த ட்ராவல்ஸ்காரர் ஒருவர், “ஓசிஐ கார்டு இங்கேயே போட்டுக்கலாம்ணே, ஒன்றும் கவலைப்படாதீங்க” என்று சொல்லியிருந்தார். ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’ என்பதன் சுருக்கம் அது, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு ஆயுள் முழுக்க இந்தியா வந்து தங்க உதவும் அட்டை. விசா முடியப் பத்து நாள் இருக்கையில் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை ஒரு புரட்டுப் புரட்டினார். “டூரிஸ்ட் விசாவில வந்தவங்க இந்தியாவுல இருந்து அப்ளை பண்ண முடியாது சார்” என்றார். அவர் சொன்னது சரிதான், விதி அப்படி. தப்பு எங்களுடையது. மறுவாரம் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டு, புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். எங்கள் அப்பத்தா இதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாப் படியும் ஏறி இறங்கியாயிற்று. இப்போது பங்காளி வீடுகளிலிருந்து அடிக்கடி போன் வருகிறது: பினாங்கிலிருந்து பேரன் வந்து தங்கப் போகிறான், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஊரோடு வந்துவிடலாம் என்கிறார், என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சிக்கலான கேஸ் என்றால் வக்கீலைப் பாருங்கள். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், நீங்கள் யார்?

சொந்தபந்தம் எல்லாம் நமக்குத்தான். சட்டத்துக்கு நீங்கள் ஒன்று இந்தியக் குடிமகன், இல்லையென்றால் வெளிநாட்டவர்.

சிங்கப்பூரில் 20 வருடம் பிஆராக (நிரந்தரக் குடியிருப்பாளராக) இருந்தாலும், கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் நீங்கள் இந்தியக் குடிமகன்தான். விசா வேண்டாம், பதிவு வேண்டாம். அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்து சேருங்கள்.

முன்பு இந்தியராக இருந்து, பிறகு மலேசிய, சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக விரும்பி ஏற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் நாலு வருடம் பாக்கி இருக்கிறதே என்று அதைக் காட்டி உள்ளே வந்தால் அது குற்றம். அதைத் தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓசிஐக்கு அதைக் கேட்பார்கள்.

மூன்றாவது வகை, அங்கேயே பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன் பேத்திகள். நாலாவது, என் மனைவியைப் போல் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். இந்த இரண்டு வகைக்கும்தான் கீழே வரும் பெரும்பாலான விஷயம். இலங்கையிலிருந்து வந்தவர்களின் நிலைமை வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இது செட்டியார் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கடைக்குச் சமைக்கப் போனவர், கணக்கு எழுதப் போனவர், தோட்டத்துக்குப் போனவர் என்று இந்தப் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் மதத்திலும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் உண்டு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். பெரிய வீடு இல்லாதவர்களுக்குக் காகிதம் கிடைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

பெட்டகத்தைத் திறங்கள்

விசா, கார்டு எல்லாம் அப்புறம். முதல் வேலை காகிதம். உங்கள் முன்னோர் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு ஒரு சான்று வேண்டும். அவரிலிருந்து உங்கள் வரை சங்கிலி அறாமல் வருகிறது என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். ஓசிஐக்குக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரை தகுதி உண்டு. சில நாட்டவர்களுக்கு அரசு இன்னும் கூடுதலான தலைமுறைகளை அனுமதித்திருக்கிறது, உங்கள் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவியின் ஐயா (தாத்தா) ராயவரத்துக்காரர். அந்த வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. காவலுக்கு இருப்பவரிடம் சாவி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாங்கட்டு அறையைத் திறந்தோம். பெட்டகத்துப் பூட்டு அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்து திருகினோம். மேலே வெள்ளிச் சாமான் சுற்றிய பழைய துணி, அதற்குக் கீழே வட்டிக்கடைப் பேரேடுகள், அடியில் ஒரு தகரக் குழாய். குழாய்க்குள் சுருட்டி வைத்த கிரையப் பத்திரங்கள். அவற்றுக்கு நடுவே 1946-இல் கொடுத்த ஒரு பாஸ்போர்ட். படத்தில் ஐயா காதில் கடுக்கனோடு, யாரிடமோ இரவல் வாங்கியது போல் தோளில் நிற்காத ஒரு கோட்டும் போட்டிருந்தார். வயது 20. பிறந்த ஊர் ராயவரம், புதுக்கோட்டை சமஸ்தானம். மனைவி அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே ஐயா போய்விட்டார். அந்த வயசு முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

இந்தச் சமஸ்தானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராயவரம், ராமச்சந்திரபுரம் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சியில் இருந்தவை. சமஸ்தானம் 1948-இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ‘அப்படியானால் தாத்தா இந்தியாவில் பிறந்தவர் ஆவாரா’ என்று ஓர் அலுவலகத்தில் எங்களைக் கேட்டே விட்டார்கள். ஆவார். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ‘இந்தியா’ என்றால் சமஸ்தானங்களும் சேர்த்துத்தான், அரசியல் சாசனமும் அந்த அர்த்தத்தையே எடுத்துக்கொள்கிறது. யாராவது இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள்.

பர்மா கதை இதற்கு நேர்மாறு. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டது, 1935 சட்டத்தின் ‘இந்தியா’வில் பர்மா இல்லை. ஆகவே தாத்தா ரங்கூனில் பிறந்தவர் என்றால் அந்தப் பிறப்பை வைத்து ஒன்றும் நடக்காது. ஒரு படி மேலே போய், அவருடைய தகப்பனார் பள்ளத்தூரிலோ கண்டனூரிலோ பிறந்ததற்குச் சான்று தேட வேண்டும்.

பழைய பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால்? பிறப்புப் பதிவேட்டில் தேடுங்கள். பிறப்புப் பதிவே இல்லையென்றால், காலதாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்க வழி இருக்கிறது. காரைக்குடி வட்டத்துக்காரர்களுக்கு அது தேவகோட்டை. இறந்துபோன பெரியவர்களுக்கு இந்த வழி சுலபத்தில் அமையாது. பள்ளிக்கூடச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் நேட்டிவிட்டி சான்றிதழ் இரண்டும் உதவும். கிரையப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். ‘இன்ன ஊரில் வசிக்கும் இன்னாருடைய குமாரர்’ என்று அதில் எழுதியிருப்பது துணைச் சான்றாக நிற்கும். கோயில் புள்ளிக் கணக்கையும் இசைகுடிமானத்தையும் நான் கொண்டுபோய்க் காட்டினேன். மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். தேதியையும் ஊரையும் தெரிந்துகொள்ள அவை நமக்கு உதவும், விண்ணப்பத்துக்கு உதவாது.

சங்கிலி அறுகிற இடம் பெரும்பாலும் பெயர்தான். இங்கே முத்துக்கருப்பன். மலாயா குமாஸ்தா எழுதியதில் ‘மூத்து கரூப்பன் செட்டி’. தகப்பனார் பெயரின் முதலெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விலாசம் என்று சொல்லும் கடைப் பெயரின் மூன்றெழுத்துச் சுருக்கம் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த தலைமுறைச் சான்றிதழில் ‘இன்னாருடைய மகன்’ என்பதற்கு ‘அனாக் லெலாக்கி’ என்று மலாயில் சேர்ந்திருக்கும். இப்படி இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் தயார் செய்து, இரண்டு பெயரும் சேர்ந்து வருகிற ஏதாவது ஓர் ஆவணத்தையும் அதோடு இணையுங்கள். எங்களுக்கு ஐயாவின் மலேசிய இறப்புச் சான்றிதழ் அப்படி உதவியது.

பிள்ளை கூட்டிக்கொண்ட (சுவீகாரம் எடுத்த) வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். பிறப்புச் சான்றிதழில் பெற்ற தகப்பனார் பெயர், மற்ற எல்லாவற்றிலும் சுவீகாரத் தகப்பனார் பெயர். சுவீகாரப் பத்திரம் பதிவாகியிருந்தால் பிழைத்தீர்கள். மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கோடு சரி, பத்திரம் இல்லை என்றால் வக்கீலைப் பாருங்கள், நீங்களாக எதையாவது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்த விசாவில் வருவது

நாலு நாள் கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ வருவதென்றால் சுற்றுலா விசா போதும். தங்க வருகிறவர்கள் என்ட்ரி விசாவில் வாருங்கள். எக்ஸ் விசா என்பார்கள். இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியரைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் கொடுக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம், எங்கள் கதையை மேலே படித்தீர்கள். அதைவிட நல்லது, அங்கிருக்கும்போதே ஓசிஐ வாங்கிவிட்டு வருவது.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ‘ஒவ்வொரு முறையும் 180 நாளுக்கு மிகாமல்’ என்று விசாவில் எழுதியிருந்தால், அதற்குள் திரும்புகிறவர்களுக்கு இது வேண்டாம். பதிவு, நீட்டிப்பு, முகவரி மாற்றம் எல்லாம் இப்போது இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலக இணையதளத்தில். மாவட்ட அளவில் போலீஸ் எஸ்பி அலுவலகம்தான் பொறுப்பு. விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள், பதற வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, தூண் பர்மாத் தேக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை இணையத்தில் கொடுக்க வேண்டும். சி படிவம் என்று இதற்குப் பழக்கமான பெயர். லாட்ஜ், நகரத்தார் விடுதி மட்டுமில்லை, தனி வீட்டுக்கும் உண்டு. ‘என் அயித்தை மகன்தானே’ என்றால் சட்டத்துக்குப் புரியாது.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய நாலு சட்டங்களுக்குப் பதிலாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று ஒரே சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விசா முடிந்த பின்னும் தங்கினால் 3 வருடம் வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசா முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்குப் போடுங்கள்.

ஓசிஐ கார்டு: எது உண்டு, எது இல்லை

பெயரில் ‘சிட்டிசன்’ என்று வருவதால் இதைக் குடியுரிமை என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. 2005-இல் வந்த ஏற்பாடு இது. ஆயுள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம், எஃப்ஆர்ஆர்ஓ பதிவு வேண்டாம். ஆனால் முகவரியும் தொழிலும் மாறினால் தெரிவிக்க வேண்டும். வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம். டாக்டர், வக்கீல், ஆடிட்டர், கட்டடக் கலைஞர் தொழில்களை அந்தந்தச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யலாம். ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை கிடையாது. நீட், ஜேஇஇ எழுதலாம், ஆனால் 2021 மார்ச் 4-க்குப் பிறகு கார்டு வாங்கியவர்கள் என்றால் என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதலாக ஒதுக்கும் (சூப்பர்நியூமரரி) இடங்களுக்கும் மட்டும்தான். ஆராய்ச்சி, பத்திரிகை வேலை, மதப் பிரசாரம் என்றால் தனி அனுமதி வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று கேமராவும் கையுமாக வருகிற பேரப்பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 275 அமெரிக்க டாலர், இந்தியாவிலிருந்து என்றால் 15,000 ரூபாய். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கச் சுற்றுலா விசா அல்லாத நீண்டகால விசாவில் வந்து, இங்கே வழக்கமாகக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் ஓசிஐ கிடையாது.

இப்போது, நாங்கள் செய்த இரண்டாவது தப்பு. இந்தியரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டவருக்கு ஓசிஐ உண்டு. ஆனால் கல்யாணம் பதிவாகியிருக்க வேண்டும், 2 வருடம் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். இசைகுடிமானம் எழுதியாயிற்று, பந்தியில் ஆயிரம் பேர் சாப்பிட்டாயிற்று, அப்புறம் என்ன பதிவு என்று நாங்கள் சார்பதிவாளர் பக்கமே போகவில்லை. பிறகு ஓடிப்போய்ப் பதிந்தோம். அப்புறம் கார்டுக்கு 2 வருடம் காத்திருக்கத் தயாரானோம். ஈப்போவில் மாமனாரின் சிநேகிதர் ஒருவர்தான் கேட்டார்: “ஏம்மா, உங்க ஐயாவே ராயவரத்துக்காரர். புருஷனை வச்சு எதுக்கு அப்ளை பண்றே? உன் வம்சாவளியை வச்சே பண்ணலாமே?” அதற்குப் பிறகுதான் பெட்டகத்தைத் திறந்தோம். காத்திருப்பு இல்லாமல் கார்டு வந்தது.

வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கும், மாப்பிள்ளையாக வருகிறவர்களுக்கும் நான் அழுத்திச் சொல்வது இது. கல்யாணத்தை வைத்து வாங்கிய ஓசிஐ, விவாகரத்து ஆனால் ரத்தாகும். சொந்த வம்சாவளியை வைத்து வாங்கியதை அப்படி யாரும் பறிக்க முடியாது. இரண்டு வழியும் இருந்தால் உங்கள் தாத்தா வழியில் போங்கள். மணப்பெண்ணிடம் இதைச் சொன்னால் அபசகுனம் என்பார்கள், பரவாயில்லை.

சொத்து விஷயத்தில் ஓசிஐ வைத்திருப்பவர் வீடு, மனை, கடை வாங்கலாம். வயல், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பெரியப்பா பாசத்தில் கண்மாய்ப் பாசன நஞ்சையைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் வாரிசாக வந்து சேரும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் குடியிருப்பவருக்குத்தான் விற்க முடியும். பெரிய வீட்டில் வரும் பங்கும் வாரிசுரிமைதான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்ததால் பங்கு போய்விட்டது என்று எந்தப் பங்காளி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஓசிஐயை எந்தத் தப்புச் செய்தாலும் தொட முடியாது என்றும் நினைக்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கியது தெரிந்தால் ரத்து. 2 வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றாலும் ரத்தாகலாம். 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்குக் குற்றப்பத்திரிகை தாக்கலானாலும் அப்படித்தான்.

குடியுரிமை வேண்டும் என்றால்

இங்கே நிதானியுங்கள். இந்தியக் குடியுரிமை வாங்கினால் அந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். என் மனைவி ஓசிஐயோடு நின்றுவிட்டார். அவருடைய அம்மா ஈப்போவில் தனியாக இருக்கிறார், நினைத்தால் போய் ஆறு மாதம் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுப் போட முடியவில்லையே என்ற குறை மட்டும் தேர்தல் அன்றைக்கு வரும்.

வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குச் சட்டத்தில் பல வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்குச் சீக்கிரம் என்று பார்க்க வேண்டும்.

நிறையப் பேர் கவனிக்காத குறுக்கு வழி ஒன்று: நீங்களோ, உங்கள் தாய் தகப்பனில் ஒருவரோ சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருந்தால், விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதம் இங்கே குடியிருந்தால் போதும். அப்பா இந்தியப் பாஸ்போர்ட்டில் 1970-களில் சிங்கப்பூர் போய் அங்கே குடியுரிமை வாங்கியவர் என்றால், பிள்ளைகளுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. அந்தப் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஓசிஐ வழி. கார்டு வாங்கி 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 12 மாதம் இங்கே குடியிருக்க வேண்டும். விசேஷக் காரணம் இருந்தால் அந்த 12 மாதத்தில் மொத்தம் 30 நாள் வரை வெளியே இருந்ததை அரசு மன்னிக்கலாம். ஆகவே அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்குத் தாய்வீடு என்று கிளம்பாதீர்கள்.

ஓசிஐ இல்லாத வம்சாவளியினருக்கும், இந்தியரைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் 7 வருடம். கடைசி 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்திய 8 வருடத்தில் மொத்தம் 6 வருடமும் இங்கே இருந்திருக்க வேண்டும். வம்சாவளியும் இல்லை, கல்யாணமும் இல்லை என்றால் இயல்புரிமை வழி: கடைசி 12 மாதமும், அதற்கு முந்திய 14 வருடத்தில் 11 வருடமும். அதில் ஒரு நிபந்தனை, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்று போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. இந்தி தெரியாதே என்று ஒருவர் என்னிடம் கவலைப்பட்டார், அதனால் சொல்கிறேன்.

விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில். அச்செடுத்த பிரதியையும் ஆவணங்களையும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். செட்டிநாடு என்று ஒரு மாவட்டம் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை. ராயவரம், கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டை. பக்கத்து ஊர்தானே என்று மாற்றிக் கொடுத்துவிட்டு அலையாதீர்கள். கலெக்டரிடமிருந்து மாநில அரசு, அங்கிருந்து டெல்லி, நடுவில் போலீஸ் விசாரணை. மாதங்கள் ஓடும். பொறுமை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பழைய குடியுரிமையை முன்கூட்டியே விட்டுவிடாதீர்கள். டெல்லியிலிருந்து ஏற்புக் கடிதம் வந்து, ‘இப்போது விட்டதற்கான சான்றைக் கொடு’ என்று கேட்ட பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். முந்திக்கொண்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நடுவில் நிற்பீர்கள். சான்றைக் கொடுத்த பிறகே குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வரும்.

பிள்ளைகள் விஷயம் சுருக்கமாக. பெற்றோர் இந்தியக் குடிமக்களாக இருந்து குழந்தை வெளிநாட்டில் பிறந்தால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தை என்றால், பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருந்தால் அது இந்தியக் குடிமகன்தான். எங்கள் பையன் அப்படித்தான்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள்

இதை எழுதும்போது மனசு கனக்கிறது. ஒரே மொழி, ஒரே சாமி, முப்பது வருடத்துக்கும் மேலாக இங்கே வாழ்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவர்களைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு மேலே சொன்ன குடியுரிமை வழிகள் எதுவும் அப்படிப்பட்டவருக்குத் திறக்காது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்தவர்களுக்குத்தான்.

இருந்தாலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. இது குடியுரிமை இல்லை, வழக்குப் பயம் மட்டும் நீங்குகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்பளித்தது. முகாமில் அந்தத் தேதிகளுக்குள் பிறந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

யாராவது மிரட்டினால்

குடிமகன் இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று ஆகாது. சட்டத்தின் முன் சமம், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு என்ற 14, 21-ஆவது பிரிவுகள் ‘எந்த நபருக்கும்’ என்றே எழுதப்பட்டவை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் கல்வி உரிமை உண்டு. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். எண் 15100.

பேச்சுரிமை, தொழில் உரிமை போன்ற 19-ஆவது பிரிவு உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும். தகவல் உரிமைச் சட்டமும் அப்படியே. விண்ணப்பம் எங்கே தூங்குகிறது என்று ஆர்டிஐ போட வேண்டுமானால் உங்களுக்காக இந்தியக் குடிமகனான உறவினர் போடட்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

ஆதார் வாங்கலாம், முந்திய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அது குடியுரிமைச் சான்று அல்ல. ‘அண்ணே, வாக்காளர் அட்டையும் சேர்த்துப் போட்டுத் தர்றேன், ஒண்ணுக்கு ஒண்ணு சப்போர்ட்டா இருக்கும்’ என்று ஒரு புரோக்கர் என்னிடமே சொன்னார். குடிமகன் என்று பொய் சொல்லி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பின்னால் நேர்மையாக விண்ணப்பிக்கும்போது அதுவே குழி பறிக்கும். இணையதளத்திலும் போலிகள் உண்டு, முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கலெக்டர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் குறைதீர்க்கும் நாள், மாவட்டமே மனுவோடு வந்து நிற்கும். செவ்வாயோ புதனோ காலையில் பத்து மணிக்கெல்லாம் போய்விடுங்கள். எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ், அசல் தனிக் கவரில். ஐயாவின் பாஸ்போர்ட் போன்ற பழைய காகிதத்தைப் பிளாஸ்டிக் போட்டு லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். எங்கள் சின்ன மாமனார் பத்திரமாக இருக்கட்டும் என்று தன்னுடைய அப்பச்சியின் (தகப்பனாரின்) பிறப்புச் சான்றை அப்படிச் செய்து கொண்டுவந்தார். முத்திரை மேலிருந்த மை உருகிப் பரவி, ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு நீலத் திட்டுதான் இருக்கிறது.